பீட்ரூட் சாறு

நவம்பரில் எங்கள் புல்வெளி
மிதித்தால் பேசும்.
அடிக்கு ஓர் உறிஞ்சல்.
பூட்ஸைத் திருப்பித் தர மனமில்லாத மண்.
லீட்ரிம் களிமண் அப்படி,
குடித்ததை விழுங்காமல்
வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கும்.

துணிக்கொடிக்கு அடியில் கோரை முளைத்தது.
அடுக்களைச் சுவரில் ஏறிய ஈரம்
பிளக் பாயிண்ட்டுக்கு ஒரு சாண் கீழே
நின்று யோசித்தது.

மேட்டு வீட்டு ஃபின்பார் மெக்கோவர்ன்
ஆகஸ்டில் முற்றத்துக்குத் தார் போட்டான்.
மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு.
வேறு சாட்சி எதற்கு?

கவுன்சிலுக்கு மூன்று பக்கம் எழுதினேன்,
தேதி போட்ட படங்களோடு.
இந்தச் சாலையில்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் வணக்கம்.
ஐந்து வாரம் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு
அவன் டிராக்டரைக் கடந்தேன்.
என் விரல் எழவில்லை.
அவனுடையது ஒவ்வொரு முறையும் எழுந்தது,
அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆதாரம் வேண்டும் என்றார்கள் போனில்.
ஏழு பீட்ரூட்டை வேகவைத்து
ஒரு வாளி சாறெடுத்தேன்.
இரவு பத்து மணி மழையில்
வேலி தாண்டிப் போய்
அவன் முற்றத்து மூலைச் சல்லடையில்
முக்கால் வாளியை ஊற்றிவிட்டு வந்தேன்,
திருடியைப்போல. திருடிதான்.

டார்ச்சோடு என் புல்வெளியில் காத்திருந்தேன்.
சிவப்பு வரவில்லை.
ரோட்டோர ஓடையில் போய்ப் பார்த்தால்
அங்கே ஓடிக்கொண்டிருந்தது, ஒழுங்காக,
தார் போட்ட அன்றே அவன் பதித்த குழாய் வழியாக.

மிச்சக் கால் வாளியை
என் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில்
கொட்டினேன். வாளியைக் கழுவத்தான்.
கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால்
அடுக்களைச் சுவரின் காலடியில்
சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

மறுநாள் தோண்டினேன்.
குழாய் மண்ணுக்குள் இரண்டடி போய்
நின்றிருந்தது.
அடைப்பில்லை, உடைப்பில்லை.
முப்பது வருடம் முன்பு யாரோ
ஐந்து மணி ஆனதும்
மண்வெட்டியை வைத்துவிட்டுப் போன இடம்.
அன்றிலிருந்து அரைக் கூரை மழையை
நானே என் அஸ்திவாரத்துக்குப் பரிமாறியிருக்கிறேன்.
வழி இல்லாத தண்ணீர்
வழியாமல் என்ன செய்யும்?

குழி வெட்டும் வண்டி
இந்தப் பக்கத்தில் ஒருவனிடம்தான் உண்டு.
கேட்டேன். வந்தான்.
நூல் கட்டி ரசமட்டம் பார்த்தோம்:
பத்தடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு,
எண்பதடி, ஓடை வரைக்கும்.
"கூரைத் தண்ணிக்குத் துளையில்லாத குழாய்,
மண்ணுத் தண்ணிக்குத் துளைபோட்டது.
ரெண்டையும் ஒண்ணாக் கோக்காதே" என்றான்.
துணி விரித்தோம், சல்லி கொட்டினோம்.
துளைகள் மேலே பார்க்கும்படி வைத்தேன்.
புரட்டினான்.
"மேலேயிருந்து வராது, டிம்ப்னா.
கீழேயிருந்துதான் ஏறும்."

தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி
சும்மா கேட்பதுபோல் கேட்டான்:
அன்றைக்கு ஓடை ஏன் சிவப்பாகப் போச்சு?
நாய் நக்கிவிட்டு முகமெல்லாம் சிவப்போடு வந்ததாம்.
ஏதோ ஆடுதான் கிழிபட்டுக் கிடக்கிறதென்று
விடியும்வரை மேட்டு வயல்களில்
மழையில் நடந்தானாம்.
நூற்றுப் பன்னிரண்டையும் எண்ணி முடித்து
மறுபடியும் முதலிலிருந்து எண்ணினானாம்.

பீட்ரூட், என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
கோப்பையின் அடியை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு வண்டியை எடுத்து
மிச்சமிருந்த இருபதடியையும் வெட்டினான்.

இப்போது மழை பெய்தால்
ஓடைக் கரையில் குழாய் வாய் சலசலக்கிறது.
துணிக்கொடி மூலை மட்டும்
இன்னும் கொஞ்சம் பேசுகிறது.
கவுன்சில் ஆள் வியாழக்கிழமை வருகிறார்,
தார் முற்றத்தைப் பார்க்க,
என் மூன்று பக்கங்களோடு.

சுவர் காய்ந்துவிட்டது.
கணுக்கால் உயரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு.
இரண்டு கை வெள்ளையடித்தேன்.
தெரிகிறது.