மூன்று சுற்று

அதிகாலை மூன்று பத்து.
பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கச் சாலையில்
சிவப்பு விளக்கும் நானும்.

ஒரு சுற்று போயிற்று. பெருஞ்சாலைக்குப் பச்சை; அங்கே யாருமில்லை.
இரண்டாவது. விமான நிலையத்துக்கு ஒரு டாக்சி
தேங்கிய மழையைக் கிழித்துக்கொண்டு போனது.
மூன்றாவதிலும் என் முறை வரவில்லை.

தாருக்குக் கீழே ஒரு கம்பிச்சுருள் கிடக்கிறது.
வாள் வைத்து அறுத்த நீள்சதுரக் கோடு,
அதில் ஊற்றி ஆறிய கறுப்புப் பசை,
உள்ளே மூன்றே சுற்றுச் செம்புக் கம்பி.
விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறி
மின்சாரம் அதில் போய்ப்போய் வருகிறது.
போகிற இடமெல்லாம் காந்தப்புலம்
வளையல் வளையலாய்க் கம்பியைச் சுற்றி எழுந்து
சாலைக்கு மேல் இடுப்பளவு நின்று
யாராவது வந்தார்களா என்று தடவிப் பார்க்கிறது.

லோரி வந்தால் அதற்குத் தெரியும்.
மைவி வந்தாலும் தெரியும், அடித்தகடு முழுவதும் அதற்கு முகம்.
என் மோட்டார் நூறு கிலோ,
மேலே நாற்பத்தெட்டு கிலோ நான்,
பையில் பாதி தின்ற நாசி லெமாக்.
கோட்டுக்கு நட்டநடுவில் நிற்கிறேன்.
சாலையைக் கேட்டால், யாரும் நிற்கவில்லை.

சிரிப்பு வந்தது.
எட்டு மணி நேரமாய் நான் சுற்றியதும் சுருள்தான்.
நகத்தளவு வளையம், தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி,
நாற்பத்திரண்டு சுற்று.
நாற்பத்தொன்று என்றால் அளவுமானி கத்தும்.
நாற்பத்து மூன்றுக்கும் அதே கத்தல்.
இன்று இருநூற்றுப் பதினாறு, கழித்தது நான்கு.
பக்கத்து மேசை நோராய்னி கணக்குத் தப்பாமலிருக்க
உதட்டுக்குள் எதையோ ஓதுவாள்.
எனக்கு வெறும் எண் போதும்.

எந்த ஊரிலோ எந்தப் பெட்டிக்குள்ளோ
அவற்றில் மின்சாரம் ஓடும்,
அவற்றின் புலம் என் விரலை நினைக்காது.
வேண்டாம், நினைக்க வேண்டாம்.
வீட்டுக்குப் போகிற வழியில் கிடக்கும் இந்த ஒன்று
ஒரு முறை என்னைப் பார்த்தால் என்ன?

பேசாமல் போய்விடலாம்தான்.
சாலைக்குத் தெரியாத நான்
மேலே கேமராவுக்கு நன்றாகத் தெரிவேன்.
சம்மன் முந்நூறு ரிங்கிட்.
அது எத்தனை சுருள் என்று மனம் கணக்கெடுத்தது; அதட்டி நிறுத்தினேன்.

வலக்கை பிடியைப் பற்றியிருந்தது.
சும்மா கட்டைவிரலை நீட்டினேன்.
ஐந்தாம் படிவத்தில் பரீட்சைக்காக உருப்போட்டது:
பெத்துவா கெங்காமான் தாங்ஙான் கானான்.
கட்டைவிரல் மின்சாரம். வளைந்த நான்கும் புலம்.
அன்றைக்கு அது இரண்டு மதிப்பெண்.

சுருளின் நடுவில் புலம் நேரே மேலே ஏறுகிறது,
நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தின் ஓரமாய், உரசாமல்.
கம்பியின் தலைக்கு மேல்தான் அது வளைந்து படுக்கிறது.
அங்கே சக்கரம் நின்றால்
அதன் வட்டத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

காலால் உந்தி உந்தி இடப்பக்கம் நகர்ந்தேன்.
அறுத்த கோடு ஈரத்தில் மின்னியது,
தையல் பிரித்த வயிறு போல.
முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும்.
இந்நேரம் விளிம்பு அலுமினியத்தில்
ஒரு சின்ன மின்சாரம் பிறந்திருக்கும்,
வந்த புலத்தை எதிர்த்துக்கொண்டு.
எதிர்ப்பதால்தான் தெரியவருகிறது, இருப்பது.
கம்பத்தடிப் பெட்டிக்குள் ஏதோ ஓர் எண்
இம்மி அசைந்திருக்கும்.

நாய் ஒன்று பெருஞ்சாலையைக் கடந்தது.
அதற்கு எந்தச் சுருளின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

எண்ணத் தொடங்கினேன், பழக்கம்.
முப்பத்தாறில் எதிரே மஞ்சள்.
நாற்பதில் பச்சை.
இரண்டு சுற்றைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு
கிளம்பினேன்.