விநாடிக்குப் பதினேழு மெகாபிட்

வைசியாள் வீதியில் பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
கீழே துளையிடும் சத்தம் நின்ற பிறகுதான்
ஒலியைச் சரிபார்க்க முடியும்.
அதனால் இரவு வேலை.

படம் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம்.
வட்டு இருபத்தைந்து ஜிபி.
இரட்டை அடுக்குக்குப் பணமில்லை என்று
முன்பணம் தரும்போதே சொல்லிவிட்டார் பெலவேந்திரன்.
ஒலிக்கு ஒதுக்கியது போக
விநாடிக்குப் பதினேழு மெகாபிட்.
அதற்குள் ஒரு ஐப்பசி அடங்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்து மழை.
ரொசாரி மூன்று நாள் நனைந்து ஃபிலிமில் பிடித்தது.
"அந்தப் புள்ளியெல்லாம் அழுக்கு இல்ல சார்,
தொடச்சிடாதீங்க"
என்று போனில் நான்கு முறை சொன்னார்.

பத்து விநாடி வெட்டி
மூன்று முறையிலும் சுருக்கிப் பார்த்தேன்.

எம்பெக்-2 பழைய ஆள், பெருந்தீனிக்காரன்.
முப்பது கொடுத்தால் அலை அலையாக இருக்கும்.
பதினேழில் கடல்
சதுரம் சதுரமாய்ப் பெயர்ந்து
குளியலறைத் தரை.

விசி-1 மழையை இஸ்திரி போட்டு
மடித்துக் கையில் கொடுத்தது.
புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லை,
நாயகன் கன்னத்தில் மட்டும் புதிதாய் மெழுகு.

ஏவிசி முன்னும் பின்னும் தேடும்.
பார்த்ததை மறுபடி எழுதாது,
எது எங்கே நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவே.
மழை மழையாக விழுந்தது.
ஆனால் இந்தக் கணினியில் முப்பத்தொரு மணி நேரம்.
நடுவில் கரண்ட் போனால்
முதலிலிருந்து.

அதையே எடுத்தேன்.

இரண்டாம் நாள் விடியலில் வரைபடம் பார்த்தேன்.
எழுபத்தெட்டாம் நிமிடத்தில் கோடு தரையோடு கிடந்தது.
ஏதோ பிழை என்று ஓட்டினால்,
ஆஸ்பத்திரி வராந்தா, வெள்ளைச் சுவர்,
அவள் நிற்கிறாள்.
நாற்பது விநாடி.
எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டியிருந்தது இயந்திரம்.

மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன்.
இருபத்தாறாம் விநாடியில்
அவள் எச்சில் விழுங்குகிறாள்.
சுருக்கியதில்
தொண்டை சுவரைப் போலவே சும்மா இருந்தது.

அந்த நாற்பது விநாடியை மட்டும் தனியே பிரித்து
கையால் கூட்டினேன்.
வேறெங்கிருந்து எடுப்பது?
புயலில்தான்.

துளி குறைந்ததை யார் எண்ணப் போகிறார்கள்.

ரொசாரி எண்ணுவார்.

கீழே துளையிடத் தொடங்கிவிட்டார்கள்.
போன் அடிக்கிறது,
எடுக்கவில்லை.