தமிழில் ஒரு கோடு

மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு.
மீர்கேட் மண்டையோடு ஒன்று,
கண்குழியில் யாரோ செருகிய பஞ்சோடு.
பக்கத்தில் சாக்பீஸ் நிறத்தில் ஒரு கீழ்த்தாடை.
அசல் இல்லை, வார்ப்பு.
மண்ணோடு போன பங்காளி;
இரண்டு பல்லில் நிற்கிறது அதன் வம்சம்.
வால் எவ்வளவு நீளம்,
எட்டிப் பார்க்க நிமிர்ந்து நின்றதா,
மரகதவல்லி மேடத்துக்கும் தெரியாது.

சீட்டு எழுதுவது என் வேலை.
முதலாவதில் 'மீர்கேட்' என்றே எழுதினேன்.
அடுத்ததில் லத்தீனில் இரண்டு சொல்,
தமிழில் ஒரு கோடு.

சாயங்காலம் நாகமலை அடிவாரத்தில்
ஸ்கூட்டரை நிறுத்தவைத்தது ஒன்று.
நடுரோட்டில் பின்னங்காலில் எழுந்து
தேனி பஸ் வரும் திசையைப் பார்த்தது,
அப்புறம் என்னை.
சீமைக்கருவேலத்துக்குள்
அதன் வால் போய் முடிய வெகுநேரம் ஆனது.
"கீரி குறுக்க போனா யோகம்க்கா"
என்று தாண்டிப் போனான் பால்கேன்காரன்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் கோட்டை அழித்தேன்.
தென்னையை, அணிலை, கீரியை
பிள்ளை என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்.
பெற்றதும் இல்லாமல்
பெற்றுப்போட்டதும் இல்லாமல் கிடக்கிற தாடைக்கு
எழுதினேன்: பிள்ளை.

முன்னால் கொஞ்சம்
இடம் விட்டிருக்கிறேன்.