இரண்டரை அடிப் பலகை

கைபேசியில் படத்தைக் காட்டினேன்.
வழுவழு மரம், முனையில் கை நுழைக்க ஒரு துளை,
விலை எட்டாயிரத்துச் சொச்சம், கப்பல் கூலி தனி.
வேப்பேரியில் சவப்பெட்டி செய்யும் சின்னப்பராஜ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"இதுக்கா இவ்ளோ? என்ன வெயிட்டும்மா நீ?"
எத்தனை வீட்டு வாசலில்
குரலைத் தாழ்த்தி இதைக் கேட்டிருப்பாரோ.
எழுபத்தொன்று என்றேன்.

நாலாம் நாள் தந்தார்.
ஓரமெல்லாம் உப்புத்தாள் தேய்த்து, மெழுகு பூசி.
"நம்ம கஸ்டமர் யாரும் திரும்பி வந்து
கொறை சொன்னதில்ல. நீ சொல்லும்மா."

சொல்கிறேன்.
பருத்திச் சேலை என்றால் பேச்சைக் கேட்கிறது.
நைலக்ஸ் கட்டினால் எனக்கு முன்னால் ஓடுகிறது.
மழையில் யார் கட்டினாலும் ஓடுகிறது.
மற்றபடி குறையில்லை.

இதற்கு முன் நான் ஆட்டோவில் ஏறியதில்லை,
ஏற்றப்பட்டேன்,
கேஸ் சிலிண்டருக்குப் பழகிய கைகளால்.
அக்குளில் யார் யாரோ விரல்கள்.
நல்லவர்கள்தான்.
நல்லவர்களின் விரல் பதிந்த இடமும்
ராத்திரியில் வலிக்கத்தான் செய்யும்.

முதல் நாள் ஜானிபாஷாவும் கை நீட்டினார்.
தொடாதீங்க, வண்டி நகராமப் பாத்துக்கங்க, போதும்.
நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே பலகை,
பலகை மேல் நான்,
ஒரு சாண், இன்னொரு சாண்.
பின்னால் 29சி விடாமல் ஹாரன்.
பாஷா இறங்கி நின்று கத்தினார்:
"பாலம் போட்டுனுகீறாங்க, தெர்ல?"

இன்றைக்கு எழும்பூர்.
பையில் ஊன்றுகோலுக்கு மாற்று ரப்பர் இரண்டு,
லாரி பெல்ட்டை வெட்டித் தைத்த இடுப்புப்பட்டை,
கீழே விழுந்ததை எடுக்க ஒரு நீளக் குறடு.
நேற்று மாலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.
அதற்கு மட்டும் எவரும் எந்தப் பொருளும்
செய்து தரவில்லை இன்னும்.

ஸ்கேனருக்குள் போய் வந்த பலகையைத் தட்டிப் பார்த்து
காவலர் கேட்டார், "சப்பாத்திக் கட்டையா?"
ஆமாம் சார், ஆளைத் தேய்க்கிறது.

வண்டி ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம்.
பக்கத்தில் மணப்பாறைக் குடும்பம்.
நாற்காலியின் இரு கைக்கும் குறுக்கே பலகையைப் போட்டேன்,
புளிசோறு வந்து உட்கார்ந்தது.
எண்ணெய் வட்டம் ஒன்று.
கேட்காமலே அவர்கள் வீட்டுப் பெண்
பால்பாயின்ட் பேனாவில் ஆடுபுலிக் கட்டம் கீறினாள்.
மூன்று ஆட்டம். மூன்றிலும் என் புலிகள் அடைபட்டன.

வண்டி வந்தது.
எங்கள் பெட்டி கடைசி,
கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில்.
பலகையை வைத்துப் பார்த்தேன்.
சிறுவர் பூங்காச் சறுக்குமரம் போல் நின்றது.
சின்னப்பராஜ் அளந்தது ஆட்டோவை.
ரயிலை அளக்க வேண்டியவர்கள் வேறு,
அவர்கள் முழக்கோலோடு இந்தப் பக்கம் வரவேயில்லை.

போர்ட்டர் வேலாயுதம் வந்தார், மணப்பாறைக்காரரும்.
நாலு கைகள், பழைய வழக்கப்படி, அக்குளை நோக்கி.
இல்லை, பெல்ட்டைப் பிடிங்க.
நீங்க இடப்பக்கம். காலை நான் பாத்துக்கறேன்.
மூணு சொன்னாத் தூக்குங்க,
ரெண்டுல இல்ல.

ஒன்று.
சிக்னல் விழுந்துவிட்டது.
ரெண்டு.
நடைமேடை எல்லாம் ஓடுகிறது, கூவுகிறது.
இரண்டு ஆண்கள் குனிந்தபடி
என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.
கொஞ்சம் கூடுதலாகவே காக்க வைத்தேன்.
மூணு.

கீழ் பெர்த்தில் பலகை என் பக்கத்தில் படுத்திருக்கிறது,
எண்ணெய் வட்டமும் பேனாக் கட்டமுமாக.
தாம்பரம் தாண்டியதும் பாட்டிலைத் திறந்தேன்.
ஒரு மடக்கு.
அடுத்தது செங்கல்பட்டில்.
விழுப்புரம் வரை கணக்கு இருக்கிறது.