ளகரத்தின் மேல் ஒரு சுழி

ஏகாம்பரகுப்பத்தில் தறிகள் ஓய்வது
கரண்ட் போனால் மட்டும்.
பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு.
அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான்
ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
முட்டை அட்டைகளை ஒட்டி
பழைய மெத்தையைக் கதவில் அறைந்து
கடனுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கி
ஸ்டூடியோ என்று பலகை மாட்டினேன்.
சன்னலை அடைத்தாயிற்று.
ஒரு ஓட்டை வழியே
நகரி மலையின் மூக்கு மட்டும் தெரியும்.

சென்னையிலிருந்து மெட்டு போனில் வந்தது.
டூயட்.
பெண்குரல் ட்ராக்குக்குத்தான்,
அப்புறம் மும்பையில் மாற்றிவிடுவோம்,
யாரையாவது பாட வையுங்கள் என்றார்கள்.

யாராவது என்றால் தேசம்மா.
தார் சுற்றிய கையோடு வந்தாள்,
விரலிடுக்கில் சிவப்பு நூல்.
வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு.
காதலனைப் பார்த்துப் பாட வேண்டியதை
நான் சொல்லச் சொல்ல
தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

'மழைக்குள் ஒளிந்த நிழலே, வழி சொல்.'

ஒரே வரியில் மூன்று ழ,
போதாததற்கு நடுவில் ஒரு ள.
எழுதியவருக்கு என்ன,
அவர் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்.
தெலுங்கில் ழ-வுக்கு எழுத்தில்லை.
ள-வை எழுதி அதன் தலையில்
குட்டியாய் ஒரு சுழி போட்டாள்.
'இது என்னம்மா?'
'நாக்கை மடக்கணும்னு ஞாபகத்துக்கு.'

முதல் டேக்கில் திருப்பதி பாசஞ்சர் போனது.
இரண்டாவதில் அவள் வீட்டுக்காரர் போன்,
குக்கர் எங்கே என்று.
மூன்றாவது, என் தப்பு, சொல்ல வெட்கம்.
மணி ஒன்று ஐம்பது.

'அண்ணா, அவன் பாடற இடத்துல
நான் என்ன பண்ணணும்?'
'ஒண்ணும் வேணாம். சும்மா நில்லு.'

அவன் இன்னும் பாடியிருக்கவில்லை.
அவன் வரிகளின் இடத்தில்
கிளிக், கிளிக், கிளிக், கிளிக்.
பெரிய ஹெட்போனை ஒரு காதில் அமுக்கி
அந்தக் கிளிக்குகளைக் கேட்டபடி
சும்மாதான் நின்றாள்.
ஏழாவது கிளிக்கில் சிரித்துவிட்டாள்.
யாரோ ஏதோ சொன்னது போல
மூக்கு வழியாக, சின்னதாக.

வெட்டியிருக்கலாம். கை போகவில்லை.
கரண்ட் வந்தது.
ஊர் முழுக்கத் தறி.

பாவு, ஊடை என்று ஏதோ சொல்ல வாய் வருகிறது.
வேண்டாம்.
தறி ஓட்டுகிறவன் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நான்கு நாள் கழித்து நள்ளிரவில் போன்.
எபனேசர், ஆண்குரல்.
'யாருங்க அந்தப் பொண்ணு?'
'ட்ராக் பாடறவங்க.'
'நடுவுல சிரிச்சாங்க. நானும் ம்? னு கேட்டுட்டேன்.
நல்லா வந்திருக்கு. எடுத்துடாதீங்க.'
எடுப்பது என் கையில் இல்லை என்று
அவருக்கும் தெரியும்.

தேசம்மாவுக்கு ஆயிரத்து இருநூறு,
கூகுள் பேயில்.
மும்பைக் குரல் மூன்று ழ-வையும்
ஒரே ல-வாக உருட்டிக் கொடுத்தது.
தேன் மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

படம் புத்தூரில் வந்தபோது
எனக்கு இரண்டு வரிசை முன்னால்
வீட்டுக்காரரோடும் பையனோடும் உட்கார்ந்திருந்தாள்.
அவர்களுக்குச் சொல்லியிருந்தாளா, தெரியாது.
பையன் பாப்கார்னில் இருந்தான்.
திரையில் பனிமலை, கதாநாயகி மெல்லிய சேலையில்,
வாய் திறக்கிறாள், மும்பை வருகிறது.
பிறகு அவன் முறை.
பாடிக்கொண்டே வந்தவன் நிறுத்தி
'ம்?' என்றான்.

எதற்கு அந்த ம்?
கதாநாயகி அங்கே ஒன்றுமே செய்யவில்லை,
பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
வெட்டியவர்கள் கேள்வியை வெட்டினார்கள்,
பதிலை மறந்துபோனார்கள்.
அல்லது அது கேள்வியே இல்லையோ என்னவோ.

இருட்டில், இரண்டு வரிசை முன்னால்,
மூக்கு வழியாக, சின்னதாக
ஒரு சிரிப்பு.
அரை நொடி பிந்தித்தான் வந்தது.

உஷ், என்றார் யாரோ.
தமிழா தெலுங்கா என்று
சொல்ல முடியாத உஷ்.