தொண்ணூற்றேழு

தலையைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.
மற்றதை டாக்டர் ரோவெனா பார்த்துக்கொள்வார்:
கழுத்துச் சிரையில் தடித்த ஊசி,
ஊசி வழியே நூலாய் ஒரு குழாய்,
முழம் முழமாக உள்ளே,
திரையில் துள்ளும் அலையை மட்டும் நம்பி
வலது மேலறை, வலது கீழறை,
அப்புறம் நுரையீரலுக்குப் போகும் தமனியின் வாசல்.

நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டு.
நாற்பத்துநான்கு.
ஆர்லன் ட்ரெஸ்காட் தொடையில் நோட்டை வைத்து எழுதுகிறார்,
விலை எழுதுவது போல.
விலையேதான் அது.

கொலராடோவில் ஒன்பதாயிரம் அடி.
மே மாதத்திலும் வேலியோரம் அழுக்குப் பனி.
நெப்ராஸ்கா சமவெளியில் பிறந்தது
இங்கே வந்து மூச்சிழுத்தால்
காற்றில்லாத வீட்டுக்கு இரத்தம் எதற்கென்று
நுரையீரல் ஒவ்வொரு கதவாய்ச் சாத்துகிறது.
இதயம் இடிக்கிறது.
இடித்து இடித்தே வீங்குகிறது.

மஞ்சள் வில்லை, பதினேழாம் எண்.
அலைதாடியில் விரலை அழுத்தினேன்.
பிசைந்த மாவில் போலக் குழி.
விரலை எடுத்த பிறகும் குழி போகவில்லை.

தொண்ணூற்றேழு, என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை பாருங்கள்."
பார்த்தார்.
"தொண்ணூற்றாறு.
உங்களுக்காக ஒன்று குறைத்துக்கொண்டிருக்கிறது."
யாரும் சிரிக்கவில்லை.

என் மாமா டியோனிசியோவின் உதடுகள்
ஊதாச் சோளத்தின் நிறம்.
செர்ரோ டி பாஸ்கோ சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம்.
இரத்தம் கூழாகிவிட்டது, கீழே போய்விடு என்றார்கள்.
கீழே எனக்கு யார் சோறு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு
இரவு ஷிஃப்டுக்குப் போனார்.
அவருக்கு ஒரு விலை இருந்திருந்தால்
யாராவது லாரியில் ஏற்றியிருப்பார்கள்.

காளையை ஏற்றினோம்.
விரட்டாமல், கத்தாமல்,
நாயைக்கூடக் கட்டிப்போட்டு.
நாலு எட்டு ஓடினாலும் பலகையிலேயே விழுந்துவிடும்.

இறங்கினால் பிழைக்கலாம்.
ஆனால் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்க
முதலில் ஏற வேண்டும்.
கணவாய் பதினோராயிரத்துச் சொச்சம்.
இதை ஆர்லன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
சாவியைக் கொடுத்தார்.

கடைசி வளைவில் லாரியே மூச்சிரைத்தது.
ரேடியோவை அணைத்தேன்.
பின்னால் ஒன்றுமில்லை.
கண்ணாடியில் இருட்டு, பனித்தூள்.
என் கழுத்தில் நானே விரலை வைத்து
எண்ணாமல் சும்மா வைத்திருந்தேன்.

அப்புறம்
அரை டன் எடை கால் மாற்றி வைத்தது.
வண்டி இடப்பக்கம் லேசாய்ச் சாய்ந்து
நிமிர்ந்தது.