நடுக்கோடு

லாக்கவான்னாவில் வருடத்துக்கு ஐந்து மாதம்
உப்புக் காலம்.
ஈரி ஏரி அனுப்பும் பனியை உருக்கத்
தெருவில் கொட்டுவதையெல்லாம்
டயர்கள் சுமந்துவந்து வாசலில் உதறும்.
ஏப்ரலில் பார்த்தால்
டிரைவ்வே முழுக்கப் பித்தவெடிப்பு,
என் குதிகால்களுக்குச் சளைக்காமல்.

நான் தபால்காரி.
நாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாசல்.
யார் எதைப் பூசியிருக்கிறார்கள் என்று
என் பூட்ஸுக்குத் தெரியும்.

ஹெல்டன் வீட்டில் மலிவு வாளி:
தண்ணீர் கலந்த மை,
கிறிஸ்துமஸுக்கு முன்பே வெளிறியது.
சக்காஃப் வீட்டில் அக்ரிலிக்:
சாம்பல் நிறம், மூன்று மடங்கு விலை.
ஜூலை வெயிலிலும் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிவந்து
ஏமன் கடிதங்களைப் பிடுங்கிக்கொள்வார்கள்.
முனைவீட்டு ஒர்லாண்டோ எதுவுமே பூசவில்லை.
தாரைப் பெயர்த்துவிட்டுச் சரளை போடப்போகிறாராம்,
எட்டு வருடமாக.

என் பாதை என்னுடையது மட்டுமல்ல,
அதுதான் சிக்கல்.
இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒன்பது அடி.
நாலரை எனக்கு,
நாலரை ப்ரோனிஸ்லாவ் க்ரூபாவுக்கு.

நான் வாங்கியது அஸ்பால்ட் எமல்ஷன்.
கடையில் ஒடெல் மூடியைத் திறந்து
குச்சியால் கிளறிக் காட்டினார்:
மணல் கலந்தது, வழுக்காது, மிஸ் மேபெரி.
இரண்டு வருடம் நிற்கும்.
மூன்று என்று சொன்னால் நான் பொய்யன்.

க்ரூபாவின் ஷெட்டில் கரித்தார்.
விற்பனை நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே
ஐந்து வாளி வாங்கி அடுக்கிவிட்டார்.
பெட்ரோல் சிந்தினாலும் கரையாது,
வருடக்கணக்கில் கறுப்பு மாறாது,
எனக்கும் தெரியும்.
பெயர்ந்த தூசி வடிகாலில் இறங்கி
ஏரிக்குப் போவதும் தெரியும்.
சொன்னேன்.
"எஃகு ஆலையில் முப்பத்தொரு வருடம்
கற்கரி உலை முன்னால் நின்றவன் நான்.
இந்தத் தாரை மூக்கால் குடித்திருக்கிறேன்.
என்ன ஆகிவிட்டது எனக்கு?" என்றார்.
இருமிக்கொண்டே சொன்னார் என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
இருமவில்லை.
என்னைவிட வேகமாகப் பனி தள்ளுகிற மனிதர்.

நவம்பர் பிறந்தால் அதைப் பூசவும் தடை.
ஆகவே செப்டம்பர் ஞாயிறு ஒன்றில்
நீலச் சுண்ணம் தோய்த்த நூலைப் பிடித்தோம்,
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
நூல் தெறித்து விழுந்த பிறகுதான் கவனித்தோம்:
பெரிய விரிசல் கோட்டை மதிக்கவில்லை.
என் பக்கம் தொடங்கி,
அவர் பக்கம் போய்,
ஏதோ மறந்துவிட்டதுபோல
மறுபடி என் பக்கம் வந்திருந்தது.

விரிசலை அடைக்காமல் மேலே பூசுவது
சீழ் இருக்கப் பவுடர் போடுவது.
அந்த ஒன்றில் இருவரும் ஒரே கட்சி.

களை பிடுங்கினோம். மண் ஊதினோம்.
எதை உருக்கி ஊற்றுவது என்று ஒரு வாரம்.
யார் காசு என்று இன்னொரு வாரம்.
ஊற்றியது இறுகுவதற்குள் மழை.
மழை விட்டால் இரவுக் குளிர்.
ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே
எந்தப் பூச்சும் பிடிக்காது.
அவர் வாளியும் என் வாளியும்
இதை மட்டும் ஒரே குரலில் சொல்கின்றன.

ஹாலோவீனன்று முதல் பனி.
வெளுத்த பாதையில் நெளியும்
ஒற்றைக் கருங்கோட்டைத்
தாண்டித் தாண்டி வந்தார்கள்
மிட்டாய் கேட்கும் பேய்கள்.

மறுநாள் கதவைத் தட்டினார் க்ரூபா.
கையில் ஒரு வாளி,
பின்னால் தள்ளுவண்டியில் நான்கு.
"ஷெட்டில் உறைந்துவிடும்.
உன் நிலவறையில் பாய்லர் இருக்கிறதே."
இனிப் பூசவே முடியாத தாரை
எதற்குக் காப்பாற்றவேண்டும் என்று கேட்க
வாயெடுத்தேன்.
அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

ஐந்தும் ஒன்றும் ஆறு வாளி இப்போது கீழே.
அடியில் கட்டிவிடாமல் இருக்க
பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து
தலைகீழாகத் திருப்பிவைக்கிறார்.
என்னுடையதையும்.